குட்டை மைலின் ஏழாவது கம்பம்

கார்பனின் முதுகுப்பை மொத்தம் பதினொரு கிலோ. அதில் நான்கு கிலோ காகிதம். கடலோர நடைபாதை அலுவலகத்தின் வாசலில் தொங்கிய தராசில் பையை மாட்டியபோது, அங்கிருந்த எழுத்தர் முள்ளைப் பார்த்தார். பையின் சொந்தக்காரரைப் பார்த்தார். திரும்பவும் முள்ளைப் பார்த்தார்.

“ஐயா, மூணு நாள் நடை. வயசு அறுபத்து மூணுன்னு போட்டிருக்கீங்க. எதையாவது இங்க வெச்சிட்டுப் போங்களேன். பத்திரமா பாத்துக்கறேன்.”

“வெச்சிட்டுப் போற மாதிரி இதுல ஒண்ணும் இல்ல.”

“உள்ள அப்படி என்னதான் இருக்கு?”

“காகிதம்.”

பின்னால் நின்ற தங்கை குறுக்கிட்டாள். “அத்தோட விடுங்க தம்பி. இன்னொரு வார்த்தை கேட்டீங்கன்னா பிரிச்சுக் காட்ட ஆரம்பிச்சிடுவாரு. அப்புறம் நாங்க அடுத்த வாரந்தான் கிளம்ப முடியும்.”

எழுத்தர் சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டினார். அறுபது வயது கடந்தவரைத் தனியாக விடுவதில்லை. துணைக்கு வருபவரின் விவரமும் கையெழுத்தும் வேண்டும். ‘விண்ணப்பதாரருக்கு உறவு’ என்ற கட்டத்தில் தங்கை, ‘தங்கை’ என்று எழுதினாள். சற்று யோசித்து, முன்னால் ‘உடன்பிறந்த’ என்று நெருக்கி எழுதிச் சேர்த்தாள்.

“அவ்வளவு வேண்டியதில்லம்மா.”

“வேணும் தம்பி. இவருக்குத் தங்கச்சியா இருக்கறது சும்மா இல்ல. செஞ்ச வேலைக்கு ஒரு பதிவு இருக்கட்டும்.”

அனுமதிச் சீட்டையும், கடல் ஏறி வடியும் ஓத நேரம் அச்சிட்ட தாளையும் கார்பன் வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட ஒரு பேரேடு உண்டா என்று கேட்டார். இல்லை என்று எழுத்தர் சொன்னதும், தம் குறிப்பேட்டில் தேதியும் நேரமும் எழுதி, ‘பேரேடு இல்லை என்று தெரிவிக்கப்பட்டது’ என்று குறித்துக்கொண்டார். காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அண்ணனும் தங்கையும் நடக்கத் தொடங்கினார்கள்.

அந்த நடைபாதை முன்பு ரயில் பாதை. செங்குத்தான மலைச்சரிவைக் கடலோரமாகச் செதுக்கி, தடுப்புச் சுவர் எழுப்பி, கரை கட்டி, அதன் மேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். இப்போது தண்டவாளம் இல்லை, பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மக்கிய ஸ்லீப்பர் கட்டைகளும், புல் மூடிய ஜல்லியும், முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்ட தந்திக் கம்பங்களின் அடித்தூர்களும், மைல் எண் வார்த்த இரும்புத் தூண்களும் மட்டும் மிச்சம். கரை உடைந்த இடங்களில் கயிறு கட்டியிருந்தது. ஓதம் வடிந்திருக்கும் நேரம் பார்த்து, கயிற்றைப் பிடித்துப் பாறைக்கு இறங்கி, அந்தப் பக்கம் ஏற வேண்டும். கோடைதோறும் இளவட்டங்கள் கைத்தடியும் வண்ணப் பைகளுமாக வந்து இதைப் பொழுதுபோக்காகச் செய்தார்கள். கார்பன் இருபது வருடம் இதே தடத்தில் உத்தியோகமாக நடந்தவர். அடுத்த இருபத்திரண்டு வருடம் இதில் கால் வைக்காமல் இருந்தவர்.

இருபத்தோராம் வயதில் அவர் ரோந்துப் பணியில் சேர்ந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. முப்பத்தாறாவது மைலில் இருந்த நிலையத்திலிருந்து நாற்பத்து நான்காவது மைல் வரை போக எட்டு மைல், வர எட்டு மைல். தோளில் சுத்தியல், ஒரு திருகுச்சாவி, இடுப்பில் சிவப்புக்கொடி, பச்சைக்கொடி. கண் தண்டவாளத்தில் இருக்கும். காது கடலில் இருக்கும். சேர்ந்த முதல் மாதத்திலேயே, தாம் திருப்பிக் கொடுத்த திருகுச்சாவியைக் கொடுக்கவில்லை என்று அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு கட்டு கார்பன் தாள் வாங்கினார். அதன் பிறகு அவர் எழுதிக் கொடுத்த எந்தத் தாளுக்கும் நகல் இல்லாமல் இருந்ததில்லை. பெயர் அப்படி வந்ததுதான். முதலில் கேலியாகச் சொன்னார்கள். ஐந்து வருடத்தில், தங்கள் விடுப்பு விண்ணப்பத்தை எழுதித் தரச் சொல்லிக் கார்பனிடமே வரிசையில் நின்றார்கள். சட்டப் புத்தகத்தையும் தட்டச்சையும் தாமாகவே கற்றுக்கொண்டவர் அவர். ஆசிரியர் என்று யாரும் இல்லை.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். அதே பாதையில் சரக்கு ரயில் ஓட்டியவர். குரலில் பாதிக்கு மேல் சிரிப்பு. ரோந்தில் நடக்கும் கார்பனைக் கடக்கும்போது இரண்டு குட்டி ஊதல் ஊதுவார். வீட்டுக்கு வந்தால், “மச்சான், என் வண்டி தண்டவாளத்துல ஓடலை. உங்க நோட்டுல ஓடுது. ஒழுங்கா எழுதுங்க” என்பார். கார்பனுக்கு அதைக் கேட்டால் முகம் சிவந்துவிடும். அவருக்கு வாழ்நாளில் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்; அதற்கு மட்டும் நகல் இல்லை.

நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடைப்பட்டது குட்டை மைல். பாதை போட்டுப் பல காலம் கழித்து அங்கே ஒரு சரிவு விழுந்தது. வளைந்து போன தடத்தை நேராக வெட்டிப் போட்டார்கள். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது கஜம் மிச்சமாயிற்று. அதற்காக அடுத்துள்ள அத்தனை மைல் தூண்களையும் பிடுங்கி நடுவானேன் என்று, அந்த ஒரு மைலை மட்டும் குட்டையாக விட்டுவிட்டார்கள். மற்ற மைல்களில் பதினாறு தந்திக் கம்பங்கள்; இதில் பதினொன்று. பதினாறாவது கம்பம் அடுத்த மைல் தூணின் அருகில் நிற்க வேண்டியது. இங்கே பதினொன்றாவதே அங்கு நின்றது. பாதையில் ஓர் இடத்தைச் சொல்ல மைல் எண்ணையும் கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். எண்ணும்போது சின்ன எண் தூணிலிருந்து எண்ண வேண்டும். திரும்பி வரும்போது பெரிய எண்ணிலிருந்து எண்ணினால், மொத்தத்திலிருந்து கழித்து எழுத வேண்டும். குட்டை மைலில் உள்ள இடமானால் எண்ணுக்கு அடியில் இரட்டைக் கோடு. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பகுதி ஆட்களுக்குள் இருந்த வழக்கம்.

ஒரு மழைக்கால மாலையில், திரும்பி வரும் வழியில், கரையின் அடியிலிருந்து கையகலத்துக்குத் தண்ணீர் கொப்பளிப்பதைக் கார்பன் கண்டார். தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. இது கலங்கலாக வந்தது. உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். நேர் எதிரே கடலுக்குள் ஒரு பாறை, படுத்த மாடு போல. அலை அதன் திமிலில் ஏறி உடைந்தது. கையகல ஊற்றுக்காக ரயிலை நிறுத்தும் அதிகாரம் ரோந்துக்காரருக்கு இல்லை, அறிக்கை தரலாம். நிலையம் திரும்பியதும் எழுதினார்: மைல் நாற்பத்தொன்று, கம்பம் ஏழு, கலங்கல் ஊற்று, உடனே பார்க்கவும். ஏழுக்கு அடியில் இரட்டைக் கோடு. நகல் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பகுதி ஆட்கள் அன்று வேறொரு சரிவில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதனால் மறுநாள் காலை வடக்கேயிருந்து வேறு குழு வந்தது. அவர்களுக்குக் குட்டை மைல் தெரியாது. நாற்பத்திரண்டாம் தூணிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். பதினாறில் ஏழு போனால் ஒன்பது. ஒன்பது கம்பம் எண்ணி நின்ற இடம் உண்மையில் இரண்டாவது கம்பம். நூறு கஜம் முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ‘பாதை சரி’ என்று செய்தி அனுப்பினார்கள். மாலையில் சரக்கு ரயில் வந்தது. கரை சரிந்து, எஞ்சினும் நான்கு பெட்டிகளும் கடலுக்குள் போயின. உதவியாள் மலைப்பக்கம் குதித்துத் தப்பினார். ஓட்டுநர் குதிக்கவில்லை.

படகில் வந்துதான் உடலை எடுத்தார்கள். புயல் ஒன்பது நாள் நின்று அடித்தது. பாதை அதன் பிறகு திறக்கவே இல்லை. விசாரணை ஓர் அறையில், மேசையில், தாள்களின் மேல் நடந்தது. ஏழாவது கம்பத்தருகே எந்தக் குறையும் இல்லை என்று குழுத் தலைவர் எழுதிக் கொடுத்தார். ஆகவே ரோந்துக்காரர் நேரில் போகாமலே அறிக்கை எழுதியிருக்கிறார் என்று முடிவாயிற்று. குட்டை மைல் என்று ஒன்று தங்கள் வரைபடத்தில் இல்லை என்று அலுவலகம் சொல்லிற்று. கார்பனை வேலையை விட்டு நீக்கினார்கள். பாதையில் இனிக் கால் வைக்கக் கூடாது என்றும் எழுத்தில் கொடுத்தார்கள். அந்த உத்தரவுக்கும் அவர் இருபத்திரண்டு வருடம் கீழ்ப்படிந்தார். சட்டப்படி நியாயம் கேட்பவன் சட்டத்தை மீறலாகாது என்பது அவர் கொள்கை.

ஒரு கிடங்கில் எடை எழுதும் வேலை பார்த்துக்கொண்டே மனு போட்டார். மேல்மனு போட்டார். பதில் வராத மனுவுக்கு நினைவூட்டல் போட்டார். மனைவி இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, “அந்தக் கோப்பு இருக்கற அலமாரிக்குப் பக்கத்துல என் கட்டிலைப் போடாதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். போன மாதம் மேல்முறையீட்டு அலுவலகத்திலிருந்து முதன்முறையாக ஒரு நல்ல வரி வந்தது: நிலத்தில் அளந்த சான்று, சாட்சிக் கையெழுத்துடன், நாற்பத்தைந்து நாட்களுக்குள் வந்தால் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதே வாரம் செய்தித்தாளில், நாற்பதாம் மைல் முதல் நாற்பத்து மூன்று வரை கடல் தின்றுகொண்டிருப்பதால் இந்தப் பருவத்தோடு பாதையை மூடுகிறார்கள் என்றும் வந்தது.

தங்கையைக் கூப்பிட அவர் தயங்கினார். அவள்தான், “நான் வராம யாரு வருவா?” என்றாள். தையல் கடையை மூன்று நாள் பூட்டிவிட்டு வந்தாள். அவளுக்கும் அந்தச் சான்று வேண்டியிருந்தது. கணவன் இறந்த ஆண்டிலேயே புகுந்த வீட்டில், “உன் அண்ணன்தான் கொன்னான்” என்றார்கள். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “என் அண்ணன் ஏழுன்னு எழுதினா அது ஏழுதான்.” அந்த வார்த்தைக்காக அந்த வீட்டை விட்டு வந்தாள். பன்னிரண்டு வயது மகன் பாட்டன் வீட்டிலேயே நின்றுகொண்டான். வளர்ந்த பிறகும், “மாமாவை விட்டுட்டு வா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்பதுதான் அவன் பேச்சு. இப்போது அவனுக்கு ஒரு பெண் குழந்தை. தங்கை அதைப் புகைப்படத்தில் பார்த்திருக்கிறாள். அரசு முத்திரையோடு ஒரு தாள் வந்தால் அதை எடுத்துக்கொண்டு மகன் வீட்டு வாசலுக்குப் போவது என்று அவள் எண்ணியிருந்தாள்.

முதல் நாள் முழுதும் அவள் வாய் ஓயவில்லை.

“ஏன்ணே, இந்தக் கட்டையெல்லாம் யாரு கால் அளவுக்குப் போட்டாங்க? ஒண்ணு விட்டு ஒண்ணு மிதிச்சா இடுப்பு போகுது. ஒவ்வொண்ணா மிதிச்சா கொலுசு போட்ட பொண்ணு மாதிரி நடக்க வேண்டியிருக்கு.”

“ரயிலுக்குப் போட்டது பாப்பா.”

“ரயிலுக்கு நல்லா உதவிச்சு.”

சொன்ன பிறகு அவள் கட்டைகளை விட்டு இறங்கி, ஓரத்துப் புல்லில் நடந்தாள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவர் அவளைப் பாப்பா என்றுதான் அழைத்தார். கயிறு கட்டிய இடங்களில் அவளே முதலில் இறங்கி, கீழே நின்று அண்ணாந்து, “அண்ணே, பாத்து. வலது காலை வெய்யி. காகிதம் பத்திரம், நீ எப்படிப் போனாலும் போ” என்பாள். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது போல அவள் ஒவ்வோர் உடைப்பையும் ஒரு பேச்சால் தைத்துக்கொண்டு வந்தாள். இரவு தங்க மரக்குடில் இருந்தது. வேகவைத்த முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டுப் படுத்ததும் தூங்கிப்போனார்கள்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு நாற்பத்தொன்றாம் தூண் வந்தது. கார்பன் அதை உடனே தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பிறகு தொட்டார். வார்த்த எண்ணின் மேல் துரு ஏறியிருந்தது; நான்கும் ஒன்றும் தெளிவாக இருந்தன. முப்பது மீட்டர் அளவு நாடாவைப் பிரித்தார்.

“என் கிட்ட இருக்கறது ஒன்றரை மீட்டர்தான். சட்டைக்கு அதுவே ஜாஸ்தி,” என்றாள் தங்கை, நாடாவின் முனையைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. “நீ நட.”

அளந்தார்கள். ஒவ்வொரு முப்பது மீட்டருக்கும் ஒரு சுண்ணாம்புக் கோடு, குறிப்பேட்டில் ஒரு வரி. நடுவில் ஓர் இடத்தில் கரை நாற்பதடி நீளத்துக்கு உடைந்திருந்தது. கீழே நுரை கொதித்தது. ஓதம் இன்னும் இறங்கவில்லை. அதுவரை அப்படிப்பட்ட உடைப்பு ஆறு தாண்டியிருந்தார்கள். ஓதம் முழுக்க வடியக் காத்திராமல், மலைப்பக்கம் ஒட்டியிருந்த ஒரு விளிம்பில் நாடாவை இழுத்துப் பிடித்து, தாங்களும் அதன் வழியே பக்கவாட்டில் நகர்ந்து கடந்தார்கள். கார்பன் கண்ணை நாடாவிலிருந்து எடுக்கவில்லை. அறுத்த கம்பத்தூர்களைத் தங்கை உரக்க எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் எண்ணினால் பிசகாது. நாளொன்றுக்கு இருநூறு பொத்தான் காஜா எண்ணுகிறவள்.

“பத்து... பதினொண்ணு. அண்ணே, தூண் வந்துடுச்சு! நாப்பத்திரெண்டு! பதினொண்ணுதான் அண்ணே! பதினாறு பொத்தான் சட்டைன்னு சாதிச்சானுங்களே, பதினொண்ணுதான் இருக்கு!”

ஆயிரத்து நூற்றெட்டு மீட்டர். முழு மைல் என்றால் ஆயிரத்து அறுநூறைத் தாண்டியிருக்க வேண்டும். கார்பன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நெற்றியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டாள். இருவரும் அழவில்லை. அதற்கு நேரம் இருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

“சரி, படம் எடுத்துடலாம். ஏழாவது எங்க?”

திரும்பி நடந்து ஏழாவது தூருக்கு வந்தார்கள். அங்கே கரை அசையாமல் இருந்தது. தடுப்புச் சுவரில் ஒரு கல்கூட விலகவில்லை. கார்பன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு கசந்த நிறைவு.

“பாத்தியா? அடைச்சிருக்காங்க. புயல் விட்டதும் ஆள் வெச்சுக் கட்டி அடைச்சிருக்காங்க. சாட்சியே இருக்கக் கூடாதுன்னு.”

தங்கை சுவரைத் தடவினாள். கல்லெல்லாம் ஒரே நிறம். இடுக்கில் ஒரே வயதுப் பாசி. பழைய துணியில் புது ஒட்டு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தே சொல்கிறவள் அவள்.

“இதுல ஒட்டு இல்லையே அண்ணே.”

“கல்லுல உனக்கென்ன தெரியும்?”

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். கணவன் போன இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தது. கடலைப் பார்த்து நின்றாள். வெறும் தண்ணீர், அடிவானம் வரை தண்ணீர்.

“மாட்டுப் பாறை எங்க?”

“என்ன?”

“நேர் எதிர்ல மாடு படுத்த மாதிரி பாறை, திமில்ல அலை ஏறிச்சுன்னு நீ நூறு வாட்டி சொல்லியிருக்க. எங்க அது?”

“கடல் தின்னிருக்கும்.”

“தின்னலை.” அவள் கை நீண்டது. “அதோ இருக்கு.”

தெற்கே, தாங்கள் வந்த வழியில், வெகுதூரம் தள்ளி, பாறை படுத்திருந்தது. அலை திமிலில் ஏறி உடைந்தது. சுவரை அடைக்கலாம், வரைபடத்தை ஒளிக்கலாம். ஒரு பாறையை முந்நூறு கஜம் தள்ளி வைக்க எந்த அலுவலகத்தாலும் ஆகாது. விசாரணைப் படிவத்தில் பாறைக்குக் கட்டம் இல்லாததால் அவர் அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. தங்கையிடம் சொன்னதோடு சரி.

திரும்பித் தெற்கே நடந்தார்கள். ஆறாவது தூர். ஐந்தாவது. பாறை மெல்ல மெல்ல நேருக்கு வந்தது. முற்றிலும் நேருக்கு வந்தபோது அவர்கள் அந்த நாற்பதடி உடைப்பின் விளிம்பில் நின்றார்கள். ஓதம் இப்போது நன்றாக வடிந்திருந்தது. காலையில் நுரை மூடியிருந்த பாறை இடுக்கில், அச்சோடு சேர்ந்த இரண்டு இரும்புச் சக்கரங்கள், சிப்பி மூடி, ஒருக்களித்துக் கிடந்தன.

தங்கை உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தூரைக் கையால் தட்டினாள்.

“இது நாலாவது.”

“ம்.”

“அன்னிக்கு நீ எந்தப் பக்கத்துல இருந்து வந்துட்டிருந்த?”

“திரும்பிட்டிருந்தேன். நாப்பத்திரெண்டைத் தாண்டி...”

அவள் விரலை மடக்கினாள். “பத்து, ஒம்பது, எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு, நாலு.” ஏழு விரல் மடங்கியிருந்தன. அவற்றை அவர் முன் நீட்டிப் பிடித்தாள். “துணியைப் புரட்டிப் போட்டு வெட்டிட்டே அண்ணே.”

அவருக்கு அந்த மாலை முழுவதும் திரும்ப வந்தது. நனைந்த நோட்டு, மேசை விளக்கு, விரலில் மை. ஏழு என்று எழுதியிருந்தார். கழிக்க வேண்டும் என்று நினைத்தார். குட்டை மைலாயிற்றே, பதினாறில் கழிக்கக் கூடாது, பதினொன்றில் கழிக்க வேண்டும் என்றும் நினைத்தார். அதை மறக்காமல் இருக்கவே இரட்டைக் கோடு போட்டார். கோடு போட்ட நிம்மதியில் கழிக்க மறந்தார்.

“பாப்பா, நீளம் சரிதானே? பதினொண்ணு இருக்கில்ல? அவங்க எண்ணினதும் தப்புதானே?”

“அவங்க எங்க நின்னாங்க?”

“ரெண்டுல.”

“நீ எழுதினது?”

“ஏழு.”

“இது நாலு. யாரு அண்ணே, இதுக்குப் பக்கத்துல நின்னது?”

கணக்கு அவருக்கு வராதது அல்ல. இரண்டிலிருந்து நான்குக்கு இரண்டு கம்பத் தூரம். ஏழிலிருந்து நான்குக்கு மூன்று. தவறாக எண்ணியவர்கள், அவர் சரியென்று எழுதிய இடத்தைவிட அருகில் வந்து நின்றிருக்கிறார்கள். அவர் சொன்னபடியே ஏழாவதுக்கு வந்திருந்தாலும், நூறு கஜம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ‘பாதை சரி’ என்றுதான் போயிருப்பார்கள்.

பையில் நான்கு கிலோ காகிதம் இருந்தது. குற்றச்சாட்டு, விளக்கம், தீர்ப்பு, மனு, மேல்மனு, நினைவூட்டல்: எல்லாத் தாளிலும் ஏழு இருந்தது. ஒன்றோடொன்று அவ்வளவு சரியாக ஒத்துப்போனதால்தான் அவர் அவற்றை நம்பினார். விபத்து நடந்த இடத்தை யாரும் போய்ப் பார்த்து எழுதவில்லை. அவருடைய அறிக்கையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் அவர் சேர்த்ததெல்லாம் ஒரே தாளின் நகல்.

“ஏழுன்னு எழுதினா ஏழுதான்னு சொன்னேன்,” என்றாள் தங்கை. யாரிடமும் சொல்லவில்லை, சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். “என் பையன் கையைப் பிடிச்சு இழுத்தான். பன்னெண்டு வயசு. உதறிட்டு வந்தேன்.”

அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். மன்னித்துவிடு என்ற சொல்லை அவர் இதுவரை பிறரிடமிருந்து கேட்டு வாங்கத்தான் முயன்றிருந்தார், கொடுக்கத் தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தார். மேல்முறையீட்டு அலுவலகத்தின் படிவத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, நிரப்பத் தொடங்கினார். மைலின் நீளம், ஆயிரத்து நூற்றெட்டு மீட்டர். கம்பங்கள், பதினொன்று. அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். கேட்கப்பட்ட கேள்வி அதுவரைதான். அனுப்பினால் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்வார்கள். உடைப்பு எந்தக் கம்பத்தருகே என்று எந்தக் கட்டமும் கேட்கவில்லை. பேனா சிறிது நேரம் தாளுக்கு மேல் நின்றது. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓரத்து வெற்றிடத்தில், கட்டத்துக்கு வெளியே, எழுதினார்: ‘கரை உடைந்த இடம் கம்பம் நான்கு. சக்கரங்கள் காணப்பட்டன. எனது அறிக்கையில் ஏழு என்றது பிழை. எண்ணியது நாற்பத்திரண்டிலிருந்து, கழிக்கவில்லை.’ தேதி போட்டார். நேரம் போட்டார். கையெழுத்திட்டார்.

“சாட்சி கையெழுத்து வேணும்,” என்றார். படிவத்தை அவள் பக்கம் நீட்டினார்.

தங்கை படிவத்தை வாங்கினாள். ஓரத்தில் இருந்ததை ஒருமுறை படித்தாள். பேனாவுக்குக் கை நீட்டினாள். சாட்சியின் கையெழுத்து. சாட்சியின் முகவரி. விண்ணப்பதாரருக்கு உறவு. அந்தக் கட்டத்தில் பேனா நிற்கவில்லை. யோசித்து வைத்திருந்ததைப் போல எழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டே உள்ளே வைப்பது அவர் பழக்கம். படித்தார். உறவு: ‘இறந்த ஓட்டுநரின் மனைவி’.

விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்பதே கேள்வி, இறந்தவருக்கு அல்ல. கட்டம் தவறாக நிரப்பப்பட்டுள்ளது. இப்படிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். நாக்கு நுனிவரை வந்ததை அவர் விழுங்கினார். தாளின் மேல் மூலையில் அறுநூற்றுப் பதின்மூன்று என்று வரிசை எண்ணிட்டு, உறைக்குள் வைத்து, பையை மூடினார்.

அன்றைய ஓதத் தாளில் ஒரு மணி முப்பதுக்குத் தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கும் என்று இருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. வந்த வழியே திரும்ப இந்த உடைப்பைத் தாண்ட வேண்டும்; அதில் கயிறு தொங்கியது. தங்கை முதலில் இறங்கினாள். சக்கரங்களின் பக்கத்தில் சற்று நின்றாள். குனிந்து ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். பிறகு அந்தப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து ஏறி, திரும்பிப் பார்க்காமல், கட்டைகளின் மேல் நடந்துபோனாள்.

கார்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றார். கீழே இருந்து எந்தக் காலை முதலில் வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. பதினொரு கிலோ பை பின்னுக்கு இழுத்தது. வலது காலைத் தாமாகவே வைத்து இறங்கினார்.